பெர்க்லியா, யூசிஎல்ஏவா? ஜூன் 1-க்குள் சொல்ல வேண்டும்

2023 ஏப்ரல் 27, இரவு 11.40

டி ஆன்ஸா கம்யூனிட்டி காலேஜில் இரண்டரை வருடமாகப் படிக்கிறேன். மூன்றாம் வருடத்தில் போய்ச் சேர்வதற்கு, புள்ளியியலில் ட்ரான்ஸ்ஃபர் கேட்டு நவம்பரில் விண்ணப்பம் போட்டிருந்தேன். லாஸ் ஏஞ்சலஸில் (எல்.ஏ.) இருக்கும் யூசிஎல்ஏ, வீட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும் பெர்க்லி இரண்டுமே சரி என்றுவிட்டன. ஜூன் 1-க்குள் ஏதாவது ஒன்றுக்கு 250 டாலர் கட்டி, வருகிறேன் என்று சொல்ல வேண்டும். எதற்குக் கட்டுவது?

வயது 32. மில்பிடாஸில் வாடகை வீடு. வீட்டுக்காரருக்கு சான் ஹோசேயில் வேலை, வாரம் மூன்று நாள் ஆபீஸ் போயே ஆக வேண்டும். பாப்பா இரண்டாம் வகுப்பு. ஊரில் இன்ஜினியரிங் சேர்ந்து இரண்டு வருடத்தோடு நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். அது யார் மேல் தப்பு என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம்.

‘இரண்டும் நல்ல இடம்தான், மனசுக்குப் பிடித்ததில் சேருங்கள்’ என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். மனசுக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. அதுதானே பிரச்சினை.

2023 ஏப்ரல் 28

மூன்று பேர் ரேங்க் பார்க்கச் சொல்கிறீர்கள். பார்த்தேன். யுஎஸ் நியூஸ் பட்டியலில் இந்த வருடம் இரண்டும் 20-ஆம் இடத்தில் ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன. வீட்டுக்காரர் எக்செல்லில் பன்னிரண்டு வரி போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் கொடுத்தார். கூட்டினால் பெர்க்லி 87, யூசிஎல்ஏ 86. ‘முடிஞ்சுபோச்சு’ என்றார். எல்.ஏ. வெயிலுக்கு ஏன் எட்டுதான் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். யோசித்து ஒன்பதாக்கினார். 87, 87. லேப்டாப்பை மூடிவிட்டோம்.

பணத்திலும் வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிளைகள், கல்விக் கட்டணமும் ஒன்றுதான். இந்த மாநிலத்தில் வசிப்பவர் என்று ஏற்றுக்கொண்டால் 2023-24-இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு 13,752 டாலர். எச்-4 விசாவில் (வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்கானது) இருப்பவரும் 366 நாள் இங்கே வசித்ததற்குச் சான்று காட்டினால் அந்தக் கணக்கில் வரலாம். (கேட்டவருக்காக: டி ஆன்ஸாவில் ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். இரண்டு வருடத்தை இங்கே முடித்துவிட்டுப் போவதில் உள்ள சூட்சுமம் அதுதான்.)

இன்னொருவர், ‘டேக் போட்டாலே சீட் உறுதியாமே?’ என்கிறார். டேக் என்பது கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருபவர்களுக்கான சேர்க்கை உத்தரவாதம், அது டேவிஸ், அர்வைன், சாண்டா பார்பரா மாதிரி ஆறு வளாகங்களில்தான். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் கொடுப்பதில்லை. நானும் டேவிஸில் ஒரு துண்டு போட்டு வைத்திருந்தேன்.

உருப்படியான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பெர்க்லியில் செமஸ்டர், யூசிஎல்ஏயில் பத்து வாரக் குவார்ட்டர். டி ஆன்ஸாவும் குவார்ட்டர் என்பதால் எனக்கு அந்த ஓட்டம் பழகிவிட்டது. அந்த வகையில் யூசிஎல்ஏ பக்கம்தான் சாய்கிறேன்.

2023 ஏப்ரல் 30

ஆமாம், ஊரில் படித்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கே எத்தனை மாதம் படித்திருந்தாலும், தேறினாலும் தேறாவிட்டாலும் எழுத வேண்டும். ‘அந்த இரண்டு வருஷத்தை விட்டுடலாமா?’ என்று டி ஆன்ஸா கவுன்சிலரிடம் கேட்டேன். மறைத்தது பின்னால் தெரிந்தால் கொடுத்த சீட்டையே ரத்து செய்துவிடுவார்கள் என்றார். அப்புறம் என்ன, அப்பா கிளம்பினார்.

2010-இல் நான் நின்றபோது, மீதி இரண்டு வருட ஃபீஸையும் கட்டினால்தான் ஒரிஜினல்களைத் தருவோம் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். அப்பா அதைக் கட்டவில்லை. அவர்களும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து அதே வாசலில் போய் நின்றால், அன்றைக்கு இருந்தவர்கள் யாரும் இல்லை. நான் படித்தபோது இருந்த பல்கலைக்கழகமும் இடையில் வேறொன்றோடு சேர்ந்துபோயிருந்தது. செக்ஷனில் நடந்ததை அப்பா போனில் சொன்னார்:

‘எந்த வருஷம் பாஸ் அவுட்?’

‘பாஸ் அவுட் ஆகலீங்க.’

‘பின்ன எதுக்கு சார் டிரான்ஸ்கிரிப்ட்?’

பெர்க்லி என்ற பெயர் மறந்துவிடக் கூடாது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, சட்டைப் பையில் வைத்திருந்தார் அப்பா. அதை எடுத்து நீட்டினாராம். அந்த ஊழியர் ஒருமுறை தாளைப் பார்த்து, ஒருமுறை எம்-டூவில் (இன்ஜினியரிங்கின் இரண்டாம் கணக்குப் பாடம்) நான் வாங்கிய 34-ஐப் பார்த்து, பிறகு அப்பாவைப் பார்த்தாராம். ‘நல்லா இருக்கட்டும்’ என்று சொல்லி நாலு நாளில் கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டார். அதற்கு முந்தைய ஏழு மாத அலைச்சலை எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது.

எம்-டூவில் அரியர் வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: பெர்க்லி அதைப் பார்த்துவிட்டுத்தான் சீட் கொடுத்தது.

2023 மே 4

சும்மா ஒரு ஒத்திகை. நேற்று எனக்கு வகுப்பு இல்லை. பாப்பாவைப் பள்ளியில் விட்டேன், மில்பிடாஸ் பார்ட் ரயில் ஸ்டேஷனில் காரைப் போட்டேன், ஆரஞ்சு லைனில் ஏறினேன். மாற வேண்டியதில்லை, ஒரே வண்டி நேராகப் பெர்க்லி. ஃப்ரீமாண்ட் தாண்டும்வரை உட்கார இடம் தாராளம். ஃப்ரூட்வேலில் தோளோடு தோள். லேக் மெரிட்டில் சுரங்கத்துக்குள் புகுந்ததும் ஒரு கிறீச்சல் போடுகிறது, ஊர் மாவு மில் நினைவுக்கு வந்தது. டவுன்டவுன் பெர்க்லியில் இறங்கியபோது 62 நிமிடம்.

மேலே ஏறி, சென்டர் தெருவில் நடந்து, யூகலிப்டஸ் தோப்பையும் ஓடையையும் தாண்டி, அப்புறம் முழுக்க ஏற்றம். எவன்ஸ் ஹால் ஏற்றத்தின் அந்தக் கோடியில். கணிதமும் புள்ளியியலும் பொருளாதாரமும் குடியிருக்கும் பத்து மாடி சிமெண்டுப் பெட்டி. நிலநடுக்கத்துக்குத் தாங்காது, ஒருநாள் இடிக்கத்தான் போகிறார்கள் என்று பேச்சு. அவ்வளவு அசிங்கமான கட்டடத்தின் மேல்மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் விரிகுடா முழுசாகத் தெரிகிறது. கட்டடம் கண்ணில் படாமல் வளாகத்தைப் பார்க்க ஒரே வழி அதற்கு உள்ளே இருப்பதுதான் போல.

வீட்டிலிருந்து வகுப்பு வாசல்வரை 1 மணி 50 நிமிடம். போக வர 3 மணி 40. முடியாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

2023 மே 5

திருத்தம். நேற்று எழுதிய 1.50-இல் காபிக் கடை வரிசையில் நின்ற பதினைந்து நிமிடத்தையும் சேர்த்துவிட்டேன். வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். 1.35 என்று படிக்கவும். காபி சுமார்.

2023 மே 15

சனி ஞாயிறு எல்.ஏ. போய் வந்தோம். ஐ-5-இல் ஆறு மணி நேரம். கோலிங்கா பக்கம் ஆயிரக்கணக்கான மாடுகள் அடைத்த பட்டி வருகிறது, நாலு மைல் முன்னாடியே வாசம் வந்து சொல்லிவிடும். பாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘அம்மா, இங்கதான் உன் காலேஜா?’ என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், யூசிஎல்ஏ வளாகத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். 1929-இல் கட்டிய ராய்ஸ் ஹால், எதிரே பவல் நூலகம், நடுவில் ஜான்ஸ் படிக்கட்டு, எல்லாம் செங்கல். எவன்ஸ் ஹாலை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்காரருக்குப் பார்க்க வேண்டியிருந்தது போயல்ட்டர் ஹால் 3420. 1969 அக்டோபர் 29 அன்று, இன்டர்நெட்டின் மூதாதையான அர்பாநெட்டில் முதல் செய்தி கிளம்பிய அறை. ‘லாகின்’ என்று அனுப்பப் பார்த்தார்கள். எல், ஓ என்று இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பாப்பாவுக்கு விளக்கினார். ‘ரெண்டு எழுத்துதான் போச்சா? அதுக்கு எதுக்கு போர்டு வெச்சிருக்காங்க?’ என்றாள். இரண்டு வருடத்தில் படுத்தவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

குடும்பத்தோடு வரும் மாணவர்களுக்கான குடியிருப்பையும் பார்த்தோம். நடுவில் 405 நெடுஞ்சாலை ஓட, அதன் இரு பக்கமும் வீடுகள். ட்ரான்ஸ்ஃபரில் வருபவர்களுக்கு இரண்டு வருடமும் தங்க இடம் உறுதி என்று போன வருடத்திலிருந்து யூசிஎல்ஏ சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது ஒற்றை ஆளுக்கான கட்டில், குடும்ப வீட்டுக்கு வரிசை தனி.

இரண்டு வளாகமும் பங்காளிகள்தான் என்பதற்கு ஒரு துணுக்கு. புளுட்டோனியம் கண்டுபிடித்த கூட்டத்தில் ஒருவரான கிளென் சீபோர்க் இளங்கலை படித்தது யூசிஎல்ஏ, 1937-இல் முனைவர் பட்டம் வாங்கியது பெர்க்லி. 1951-இல் நோபல். அவருக்கு எக்செல் இல்லை.

2023 மே 20

‘எதில் சேர்வது கஷ்டமோ அதில் சேரணும்’ என்று ஒரு அண்ணா ஆணித்தரமாக எழுதியிருக்கிறார். ட்ரான்ஸ்ஃபர் கேட்பவர்களில் இரண்டிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது அண்ணா. கம்ப்யூட்டர் சயன்ஸ் கேட்டால் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், சில மானுடவியல் பாடங்களில் எங்கேயோ ஏறி நிற்கும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணமே பெர்க்லிதான். 1973-இல் முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேர், அவர்களில் 44 சதவீதம் பேருக்கு இடம். பெண்கள் 4,321 பேர், 35 சதவீதம். பார்த்தால் அப்பட்டமான பாகுபாடு. ஆனால் துறை துறையாகப் பிரித்தபோது அந்த வித்தியாசம் அநேகமாகக் காணாமல் போனது, சில துறைகளில் பெண்கள் கொஞ்சம் முந்திக்கூட இருந்தார்கள். பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது, யாருக்குமே எளிதில் இடம் கிடைக்காத துறைகளுக்கு. 1975-இல் பிக்கலும் இன்னும் இருவரும் கட்டுரை எழுதினார்கள். சிம்ப்சன் முரண் என்று டி ஆன்ஸா முதல் பாடத்திலேயே வந்துவிடும். நான் புள்ளியியலுக்கு வந்ததே அந்த ஒரு பக்கத்தால்தான். மொத்தமாகக் கூட்டினால் ஒன்று, பிரித்தால் வேறொன்று. மாமியார் வீட்டில் பத்து வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

பிரித்துப் பார்த்தால் என் கணக்கு வேறு. எனக்கு நாலு வருடம் கிடையாது, இரண்டுதான். பெர்க்லியில் நாலு செமஸ்டர், யூசிஎல்ஏயில் ஆறு குவார்ட்டர். கூட்டாளி பிடிக்க, துறையைச் சுற்றிப் பார்க்க, ஒரு வகுப்பில் சொதப்பிவிட்டு எழுந்து வர நேரமில்லை. அதோடு பெர்க்லியில் கலை அறிவியல் கல்லூரிக்குள் எடுத்துக்கொண்டாலும், உள்ளே போனபின் துறைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது வயிற்றைக் கலக்குகிறது.

2023 மே 27

இன்னும் இல்லை. கேட்காதீர்கள்.

2023 ஜூன் 1, அதிகாலை 12.20

பெர்க்லிக்குக் கட்டிவிட்டேன்.

காரணம் ரேங்க் இல்லை, செங்கலும் இல்லை. நேற்று மாலை பாப்பா பள்ளியிலிருந்து அடுத்த வருடத்துக்கான படிவம் வந்தது. அதில் அவசரத் தொடர்பு என்று மூன்று வரி. பெற்றோரைப் பிடிக்க முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது. ஒரு நிமிடத்தில் நிரப்பிவிட்டேன்: எதிர்வீட்டு குஜராத்தி பென் (அவர்கள் பாஷையில் சகோதரி), பாப்பாவின் சிநேகிதியின் அம்மா, வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் மதுரைக்காரர். பேனாவை மூடும்போதுதான் தோன்றியது, எல்.ஏ.யில் இந்த மூன்று வரியில் யார் பெயரை எழுதுவேன்? வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் சான் ஹோசேயில். நான் வகுப்பில். டேகேர் ஆறரை மணிக்கு மூடும், அதற்குப் பிறகு நிமிடத்துக்கு ஒரு டாலர். முதல் வரியே காலி.

புள்ளியியல் படிக்கப் போகிறவள் ஒரே ஒரு படிவத்தை வைத்து முடிவெடுத்தாள் என்று சிரித்துக்கொள்ளுங்கள். நான் தூங்கப் போகிறேன்.

2023 ஆகஸ்ட் 26

வகுப்பு புதன்கிழமை ஆரம்பித்தது. சக மாணவர்களில் பாதிப் பேர் நான் ஊரில் எம்-டூ எழுதிய காலத்தில் எல்கேஜி. ஒரு பையன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ‘ப்ரொஃபசர், யூ ஃபர்ஸ்ட்’ என்றான். திருத்தவில்லை, உள்ளே போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இதே வாரம்தான் புள்ளியியலாளர் சி.ஆர். ராவ் 102 வயதில் போய்ச் சேர்ந்தார். ராவ்-பிளாக்வெல் தேற்றத்தில் பாதி அவர். மற்ற பாதியான டேவிட் பிளாக்வெல் இந்தத் துறையின் வாத்தியார், பெர்க்லியில் நிரந்தரப் பணி பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியர். வளாகத்துக்குக் கீழே ஒரு விடுதிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1945-இல் ஒருவரும் 1947-இல் ஒருவருமாக, தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நான் 1.35 மணி நேரத்தில் வந்து சேர்கிறேன்.

2023 செப்டம்பர் 12

1.35 என்பதையும் திருத்த வேண்டும். நேற்றிலிருந்து பார்ட் அட்டவணை மாறிவிட்டது. பகலில் 15 நிமிடத்துக்கு ஒன்று வந்தது இனி 20 நிமிடத்துக்கு ஒன்று. ராத்திரியில் வண்டி கூடுதலாம், ராத்திரியில் எனக்கென்ன வேலை. 5.05-ஐத் தவறவிட்டால் டேகேருக்கு டாலர்.

போக்குவரத்து பற்றி இன்னொன்று. விரிகுடாப் பகுதியின் ரயில், பஸ் எல்லாவற்றிலும் இலவசமாகப் போக பேபாஸ் என்று ஒரு திட்டத்தைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பெர்க்லி மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் குலுக்கல் முறையில் கொடுத்து, கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட அதிகம் பயணம் செய்கிறார்களா என்று ஒப்பிடுகிறார்கள். அருமையான வடிவமைப்பு, மனசாரப் பாராட்டுகிறேன். எனக்குக் கிடைக்கவில்லை. ஒப்பிடுவதற்கும் ஆள் வேண்டுமே.

2023 செப்டம்பர் 19

புது ரேங்க் வந்துவிட்டது. இரண்டும் 15. மறுபடி சமம். எக்செல்காரர் நேற்றிலிருந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.

2023 அக்டோபர் 14

புள்ளியியல் 134 பாடத்தின் முதல் தேர்வில் 100-க்கு 41. நிகழ்தகவு. துறைக்குள் போக இந்தப் பாடம் முக்கியம்.

டி ஆன்ஸாவில் எல்லாவற்றிலும் ஏ வாங்கியவள். ட்ரான்ஸ்ஃபரில் வருபவர்களுக்கு முதல் பருவத்தில் மார்க் சரிவது சகஜம் என்று எல்லோரும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சகஜம் என்றால் அடுத்த வீட்டுக்காரர்களுக்கு நடப்பது என்று நினைத்திருந்தேன்.

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று வரிப் படிவத்தை வைத்துப் பெர்க்லியைத் தேர்ந்தெடுத்தேனே, அதற்கு விலை இருக்கிறது. வீட்டுக்கணக்கைக் கூடிப் போடும் குழுக்கள் மாலை நாலரைக்கு மேல்தான் சேர்கின்றன. எவன்ஸ் மாடியில் கரும்பலகை முன்னால் நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும்போது நான் பையை மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் இறங்கி ஓடுகிறேன். புத்தகத்தில் புரிந்த மாதிரி இருக்கும் எல்லாம் அந்தச் சண்டையில்தான் உண்மையில் புரிகிறது. எல்.ஏ.யில் வளாகத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்திருந்தால் இரவு எட்டு வரைக்கும் நின்றிருக்கலாம். யாரோ பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தால். அந்த யாரோ மறுபடி காலி வரி.

2023 அக்டோபர் 16

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் சேர்த்து. எதிர்வீட்டு பென் செவ்வாயும் வியாழனும் பாப்பாவை ஏழரை வரை வைத்துக்கொள்கிறேன் என்றார். அவசரத்துக்கு மட்டும் என்று எழுதிய பெயரை வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆக்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, அவருக்கு ஒன்றுமில்லை. அவர் மகனுக்கு நான் அல்ஜீப்ரா சொல்லித்தர வேண்டும். பண்டமாற்று.

2023 டிசம்பர் 17

134-இல் பி பிளஸ். துறைக்குள் போய்விடலாம்.

ஏப்ரலில் குவார்ட்டர் எனக்குப் பழகியது, அதனால் யூசிஎல்ஏ என்று எழுதினேனே, அது தப்புக் கணக்கு. பத்து வாரத்தில் ஐந்தாவது வாரம் 41 வாங்கியிருந்தால் எழுந்திருக்க வாரம் மிச்சமிருக்காது. இங்கே தேர்வு முடிந்தும் எட்டு வாரம் கையில் இருந்தது, கடைசியில் படிப்பதற்கென்றே ஒரு வாரம் வகுப்பில்லாமல் விடுகிறார்கள். பழகியது வேறு, ஒத்துவருவது வேறு. எட்டு வருடம் சமைத்த அடுப்பிலும் கை சுடத்தான் செய்கிறது.

ரயிலின் 62 நிமிடமும் வீணில்லை. போகும்போது லேக் மெரிட் சுரங்கம்வரை ஒரு கணக்கு, அப்புறம் கண்ணை மூடுவது. திரும்பும்போது நேராகக் கண்ணை மூடுவது.

2024 ஏப்ரல் 29

இந்த வருடம் இதே இரண்டு கடிதத்தையும் வைத்துக்கொண்டு ஒரு தம்பி வந்திருக்கிறார், நான் சொல்வதைச் செய்கிறேன் என்கிறார். தம்பி, உங்களுக்கு 20 வயது, தனி ஆள், படிப்பது அறிவுசார் அறிவியல் (காக்னிடிவ் சயன்ஸ்). என் பதிலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு வருடம் விடுதி உறுதி என்பது உங்களுக்குத் தங்கம். பெர்க்லியில் வாடகை அறை தேடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சமையலறையைத் திரை போட்டு அறையாக்கிக் கொடுத்த கதையெல்லாம் வரும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இரண்டு துறைகளும் பட்டத்துக்கு என்ன கேட்கின்றன என்று எடுத்து, உங்கள் பாடங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். எதில் அதிகம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். எனக்கு டி ஆன்ஸாவின் 2ஏ, 2பி இரண்டும் சேர்ந்தால்தான் பெர்க்லியின் கணிதம் 54-க்கு ஈடு. ஒன்றை மட்டும் முடித்துவிட்டு வந்த பெண் முதல் செமஸ்டரில் அதைத் திரும்பப் படிக்கிறாள். நாலே செமஸ்டர் இருக்கிறவளுக்கு அது கால்வாசி இழுபறி.

2024 ஆகஸ்ட் 30

டவுன்டவுன் ஸ்டேஷனிலிருந்து ஏறும்போது ஒரு வருடமாகக் கிரேனைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆங்கர் ஹவுஸ் விடுதி திறந்துவிட்டது. ட்ரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்றே, 772 கட்டில், சமையலறையோடு. ரயில் நிலையத்துக்கும் வளாகத்துக்கும் நடுவில். தம்பிக்கு ஏப்ரலில் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். அவர் யூசிஎல்ஏ போய்விட்டார், நல்லபடியாகத்தான் இருக்கிறாராம்.

அந்த இடத்துக்காக வால்நட் தெருவில் வாடகைக் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு குடியிருப்பை இடித்தார்கள், உள்ளே இருந்தவர்கள் எதிர்த்தார்கள். 1964-இல் மாணவர்கள் பேச்சுரிமைக்காகப் போலீஸ் கார் மேல் ஏறி நின்ற ஊர், எதிர்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இடித்துவிட்டுக் கட்டியது நல்ல கட்டடம், அதில் தங்குபவர்களுக்கு அது தேவை. இரண்டையும் சேர்த்து என்ன சொல்வது என்று எனக்கு வரவில்லை.

2024 செப்டம்பர் 25

ரேங்க்: யூசிஎல்ஏ 15, பெர்க்லி 17. அப்பா ஊரிலிருந்து கூப்பிட்டார். பேப்பரில் பார்த்தாராம். ‘மாறிக்கலாமாம்மா?’ என்றார்.

2024 நவம்பர் 3

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். இங்கே தமிழ் வகுப்பு இருக்கிறது. தமிழுக்கென்று ஓர் இருக்கையும் உண்டு, ஜார்ஜ் ஹார்ட் பல காலம் பேராசிரியராக இருந்த இடம். 2000-இல் தமிழ் ஏன் செம்மொழி என்று கடிதம் எழுதினாரே, அவரேதான். நான் அந்த வகுப்பில் சேரவில்லை. ஆனால் ஃப்ரீமாண்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் அதில் படிக்கிறாள், வாரம் ஒருநாள் 12.40-க்கு என்னோடு ஓடைக்கரையில் உட்கார்ந்து ழ பழகுகிறாள். எனக்கு அவள் ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதும் நிரலைப் பார்த்துத் தருவாள். போன வாரம் ‘வாழைப்பழம்’ நேராக வந்தது. அதைக் கொண்டாட இரண்டு பழம் வாங்கிவந்திருந்தாள்.

2025 மே 19

முடிந்தது. துறை விழாவுக்கு அப்பா வர விசா கிடைக்கவில்லை, வீடியோவில் பார்த்தார். வீட்டுக்காரர், பாப்பா, எதிர்வீட்டு பென், அவர் மகன், மதுரைக்காரர் குடும்பம் என்று ஒன்பது பேர் ஒரே ஆரஞ்சு லைனில் ஏறி வந்தோம். பென் தேப்லா கட்டிக்கொண்டு வந்தார். ஃப்ரூட்வேலில் வழக்கம்போலக் கூட்டம், அங்கியோடு நின்றுகொண்டே போனேன்.

‘யூசிஎல்ஏ போயிருந்தால்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தெரியாது. இந்தப் பரிசோதனையில் ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுக் குழு இல்லை.

134-க்கான பாடப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, ட்ரான்ஸ்ஃபரில் வரும் யாருக்காவது சும்மாவே தருகிறேன். மில்பிடாஸ் ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்ளலாம். முதல் 180 பக்கம்வரை ஓரத்தில் பாப்பா ஒட்டிய யானை ஸ்டிக்கர் இருக்கும். உரித்தால் சூத்திரமும் சேர்ந்து வந்துவிடும், அப்படியே வைத்துப் படியுங்கள்.